வேலியும் நீதியும்

நிலத்திற்கு எல்லை வகுப்பவன் மனிதன். மரமோ அவ்வெல்லையை அறியாது. அதன் வேர் மண்ணுள்ளும் கிளை வெளியிலும் தன்போக்கில் படர்கின்றன. அண்டை வீட்டார் இருவர் நீதிமன்றப் படியேற இச்சிறு காரணமே பல வேளைகளில் போதுமானதாகி விடுகிறது. இத்தகைய பூசல்களில் நீதி எதுவென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எல்லைப் பூசல் நம் நாட்டிற்குப் புதிதன்று. மனுநூலின் எட்டாம் இயல் இதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. ஆல், அரசு, பனை முதலிய மரங்களை எல்லைக் குறிகளாக நடவேண்டும். உமி, சாம்பல், கரி போன்றவற்றை எல்லையில் மண்ணுக்கடியில் மறைத்து வைக்கவேண்டும். குறிகள் தெளிவாகத் தோன்றும் கோடையில் வழக்கை முடிக்கவேண்டும் என அது விதிக்கிறது. அன்று சான்றாக நின்ற மரம் இன்று குற்றவாளியாக நிற்கிறது!

இக்காலச் சட்டம் கூறுவது யாது? அயலார் மரத்தின் கிளை நம் எல்லைக்குள் நீண்டால், நம் மண்ணில் நின்றபடியே அதனை எல்லைவரை வெட்டலாம். முன்னறிவிப்பும் வேண்டா என 1894-ஆம் ஆண்டில் லெமன் - வெப் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்நெறியையே ஒட்டிச் செல்கின்றன. எனினும் 'வெட்டலாம்' என்றதேயன்றி, 'வெட்டுக' எனச் சட்டம் ஏவவில்லை. முன்னறிவிப்பு வேண்டா என்று சட்டம் விடுத்த இடத்திலேதான் பண்பு தொடங்குகிறது. கத்தியை எடுக்குமுன் ஒரு சொல் சொல்லிவிடுதல் அப்பண்பின் முதற்படி.

ஆயின், 'விட்டுக்கொடுத்து வாழ்க' என்று எல்லாரிடமும் ஒன்றுபோல் கூறுதல் தகுமோ? ஆண்டுதோறும் வேலியை ஒரு சாண் நகர்த்துபவன் வலியவன்; மறுபுறம் இருப்பவள் துணையற்ற கைம்பெண் என்று கொள்வோம். அவளிடம் பொறுமையைப் போதிப்பது கொள்ளைக்குத் துணைபோவதாகும். பிறர் எதிரிடையாக அனுபவிக்கும் நிலத்தை மீட்க 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். அதுகாறும் வாளாவிருந்தால் அவள் நிலத்தையே இழக்க நேரும். அங்கே வேண்டுவது நில அளவை. அதற்கும் எதிராளி இணங்கானாயின் நீதிமன்றம்.

ஆகவே மண்ணையும் மரத்தையும் பிரித்தறிதல் நன்று. மண்ணின் எல்லை அளவினால் தீரட்டும்; மரத்தின் நிழலும் சருகும் பேச்சினால் தீரட்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மக்கள் நீதிமன்றம் இதற்கு நல்லதொரு வாயில். அங்கு ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. எனினும் அளந்தறிந்த பின்னர்ச் செய்யும் உடன்பாடே உடன்பாடு. அளக்குமுன் செய்வது பல நேரங்களில் எளியவரின் பணிவாகவே முடியும்.

வழக்கில் வென்றவரும் தோற்றவரும் மறுநாட் காலை அதே வேலியின் இருபுறமும்தான் கண்விழிக்க வேண்டும். அவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நாணமின்றி நோக்க இயலுமாயின், அங்கே நீதி நிலைத்தது என்று கொள்வோம்.