தூண்டிலும் அருளும்

ஒரு செயலின் திறமை வேறு. அதன் தகுதி வேறு. திறமை வளருந்தோறும் தகுதியும் உடன் வளர்ந்துவிட்டதாகக் கருதுவது மனித இயல்பு. அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்று ஆராய்வதற்குத் தூண்டில் ஓர் எளிய, தெளிவான சான்றாகும்.

கெடா மாநிலத்தில், 1,217 மீட்டர் உயரமுடைய ஜெராய் மலையின் அடிவாரத்தில் குருண் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், லயத்துச் சிறுவர்க்குத் தூண்டில் விளையாட்டுப் பொருளாகவும் இருந்தது. வீட்டுக்கு உதவும் கருவியாகவும் இருந்தது. ஈரமண்ணைக் கிளறி மண்புழு எடுத்து, கழியில் நரம்பைக் கட்டி, ஓடைக்கரையில் விராலுக்கும் கெளுத்திக்கும் காத்திருப்பர். அகப்பட்டது அன்றிரவே குழம்பாகிவிடும். புழுவும் மாய்ந்தது, மீனும் மாய்ந்தது. எனினும் ஒரு குடும்பத்தின் பசியே அக்கொலைக்கு எல்லையாக நின்றது.

இன்று தூண்டிற்கலை நுண்ணிய கலையாக வளர்ந்துவிட்டது. அமெரிக்க நாட்டில் ‘பாஸ்’ என்னும் மீனைப் பிடிப்பதற்கென, ஒகையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் மென்மையான செயற்கைப் புழுவை உருவாக்கினார். அதன் வழிவந்த முறைகளுள் ஒன்று மிக நுட்பமானது. மெல்லிய நரம்பு, சிறிய கொக்கி, எடை மிகக் குறைந்த ஈயம் ஆகியவையே அதன் கருவிகள். சில வேளைகளில் ஈயமும் இராது. புழுவின் நடுவில் கொக்கியைக் கோத்து நீரில் விட்டால், இரு முனைகளும் நடுங்க, அது மெல்ல மெல்ல இறங்கும். கழியின் நுனியைச் சற்றே அசைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். தெளிந்த நீரில் எதற்கும் ஐயுறும் மீனும் இதற்கு ஏமாறும். கொடுவா மீனும் தோற்றத்தால் ‘கடற் பாஸ்’ என்றே ஆங்கிலேயரால் வழங்கப்படுகிறது. மலாய்க்காரர் ‘சியாக்காப்’ என்றழைக்கும் அம்மீனைத் தேடி, நெகிழிப் புழுவுடன் மலேசியக் கழிமுகங்களுக்குச் செல்வோரும் உளர்.

செயற்கைப் புழுவினால் மண்புழுவின் உயிர் தப்பியது. உடன் பசி என்னும் எல்லையும் தப்பிப்போயிற்று. பலர் பிடித்த மீனை உண்பதில்லை. மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். “கொல்லவில்லையே, விட்டுவிட்டோமே, இது கருணையன்றோ?” என்பது அவர்தம் வாதம். ஆராய வேண்டிய வினா இதுவே.

அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. விடப்பட்ட மீன்களுள் பல பிழைத்து இனம் பெருக்கும். வெடியும் நஞ்சும் மின்சாரமும் கொண்டு, குஞ்சென்றும் சினையென்றும் பாராமல் நீர்நிலையையே அழிப்பாரோடு ஒப்பிடின், தூண்டிற்காரர் எவ்வளவோ மேலானவர். அக்கொடிய முறைகளை மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும், தீயதினும் மேலானது என்பதால் மட்டுமே ஒன்று நல்லதாகிவிடாது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் போற்றும் அதிபத்த நாயனாரும் மீனை நீரில் விட்டவரே. நாகையில் வாழ்ந்த அவர், நாள்தோறும் கிடைக்கும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். வறுமை வந்து, நாளுக்கு ஒரு மீனே கிடைத்தபோதும் அதனை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். பின்னர் பொன்மீன் அகப்பட்டபோதும் அதனையும் கடலுக்கே ஈந்தார். தமக்கு இன்றியமையாததை விட்டமையால் அது ஈகையாயிற்று. தமக்குத் தேவையே இல்லாத மீனைக் கொக்கியால் குத்தி இழுத்து, மகிழ்ந்தபின் விடுவோன் எதனை ஈந்தான்? விடுதல் என்னும் செயல் ஒன்றே, உள்ளம் வேறு.

மீனுக்கு நோவு ஏது என்பாரும் உளர். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட முடிவு ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. டிரௌட் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்புகள் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் காடி செலுத்தப்பட்ட மீன்கள் தம் வாயைக் கூழாங்கற்களில் உரசின. இதனை நோவெனக் கொள்ளாத அறிஞரும் உளர். ஆயினும் ஐயம் உள்ள இடத்தில் எளிய உயிரின் பக்கம் நிற்பதே அறம். சுவிட்சர்லாந்து நாடு 2008இல், விட்டுவிடும் நோக்குடன் தூண்டிலிடுவதையே சட்டத்தால் விலக்கியது.

வள்ளுவர் தூண்டிலை எடுத்தாண்ட இடமும் எண்ணத்தக்கது. சூது என்னும் அதிகாரத்தில், சூதாடி பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையில் மனிதன் கரையில் நிற்கவில்லை; மீனின் இடத்தில் நிற்கிறான். இன்னும் ஒரு மீன், அதனினும் பெரிய மீன் என்று மாலை இருளும்வரை எறிந்துகொண்டே இருப்பவனுக்கும் அவ்வுவமை பொருந்தும். நரம்பின் ஒரு முனையில் மீன் சிக்கியிருக்கிறது. மறுமுனையில் வேட்கையால் மனிதன் சிக்கியிருக்கிறான்.

கொல்லாமை நோற்பார் தூண்டிலைத் தொடமாட்டார். அவர் நிலை உயர்ந்தது. மீனுண்ணும் பெரும்பான்மையோர்க்கு உரிய நெறியும் உண்டு. உண்பதற்கு வேண்டிய அளவே பிடித்தல். பிடித்ததைத் துடிக்கவிடாது விரைவில் முடித்தல். சிறுமீனும் சினைமீனும் அகப்பட்டால், நனைத்த கையால் பற்றி ஊறின்றி விடுதல். அறுந்த நரம்பையும் நெகிழிப் புழுவையும் நீரில் எறியாதிருத்தல். போதும் என்றவுடன் கழியைச் சுருட்டுதல். இவற்றுள் அரியது இறுதியில் கூறியதே.

நுண்ணிய நரம்பைக் கையாளும் விரலுக்குப் பயிற்சி போதும். அவ்விரலை நிறுத்துவதற்கு உள்ளம் வேண்டும். மீன் கரையேறியபின் தோன்றும் இரக்கம் நன்று. கொக்கி நீரில் இறங்குமுன் தோன்றும் இரக்கம் அதனினும் நன்று.