அஞ்சாவது ஆளின் கணக்கு

நுண்ணினப் பொருளியல் முதலாளிகளின் சாஸ்திரம்தானே, அதுக்காக நம்ம பிள்ளைகள் கணக்கோடு மல்லுக்கட்டணுமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். கட்டணும் என்கிறேன். நான் தமிழ் எம்.ஏ. காரைக்கால் சேரிகளிலிருந்து பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் நானும் இதைக் கற்றேன்.

ஒரு வயலில் நாலு பேர் அறுத்தால் 12 கலம், அஞ்சு பேர் அறுத்தால் 14 கலம் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சாவது ஆளால் கூடியது 2 கலம். பாடநூல் இதை இறுதிநிலை உற்பத்தி என்கிறது. வரைபடத்தில் அது கோட்டின் சாய்வு. உழைப்பைப் பொடிப்பொடியாகக் கூட்டிப் பார்த்தால் வகையிடல். களத்தில் விழுகிற மரக்காலை எண்ணிக்கொண்டே நின்றவர்களின் பிள்ளைகளுக்கு இது வராது என்பது சாதி சொல்கிற பொய்.

கூலி இந்த உற்பத்தியின் மதிப்புக்குச் சமமாகும் என்கிறது பாடம். கணக்கு தெரியாவிட்டால் இதை இயற்கை விதி என்று நம்பிவிடுவோம். போட்டுப் பார்த்தால்தான் நிபந்தனை தெரியும்: ஆளுக்குப் போட்டிபோடும் பல முதலாளிகள் வேண்டும், ஆளுக்கு வேறிடம் போகும் உரிமை வேண்டும். ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரே என்றால்? இன்னொரு ஆளை இழுக்க எல்லாருக்கும் கூலி கூட்ட வேண்டிவரும் என்று அவர் முன்னாலேயே நிறுத்திக்கொள்வார். கூலி கீழேயே நிற்கும். ஜோன் ராபின்சன் 1933இல் இதே சாய்வுக் கணக்கை வைத்துத்தான் இதைக் காட்டினார். அங்கே சங்கம் கூலியை உயர்த்தினால் வேலை குறைந்தே தீரும் என்பதும் கட்டாயமில்லை. 'கூலி கேட்டா வேலை போயிரும்' என்ற மிரட்டலுக்கு இதில் பதில் இருக்கிறது.

பண்ணையாளுக்குப் போகும் உரிமையே இருந்ததில்லை. எங்கள் எல்லைக்கு அப்பால் கீழவெண்மணியில், கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எந்தச் சமன்பாட்டிலும் அந்தத் தீ அடங்காது. ஆனால் கூலியைச் சந்தை தீர்மானிக்கிறது என்பவரிடம் 'எந்தச் சந்தை?' என்று கேட்கச் சமன்பாடு வேண்டும்.

அம்பேத்கர் 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதியபோது இப்படித்தான் கேட்டார். துண்டு நிலங்களைப் பெரிதாக்கினால் போதும் என்றவர்களிடம், நிலத்தோடு சேரும் மூலதனம், உழைப்பு இவற்றின் விகிதத்தைப் பார் என்றார். நிலத்தில் வேலையின்றித் தேங்கிய உழைப்பைக் காட்டித் தொழில்வளர்ச்சியைக் கோரினார்.

விகிதம், நேர்கோட்டுச் சமன்பாடு, வரைபடம், சாய்வு, வகையிடல் என்று இந்த வரிசையில் உட்கார்ந்து போட்டால் வரும். நம் உழைப்பின் விலையை அடுத்தவன் கணக்கிலேயே விட்டுவைப்பது நமக்கு நாமே செய்யும் அநீதி. கவிதைப் பட்டறை நடத்தும் நண்பர்களே, கணக்குப் பட்டறையும் நடத்துங்கள்.