எழுத்தின் அகலம் எழுத்தில் உள்ளதா?

ஒரு பொருளின் அளவு அப்பொருளிலேயே உறைகிறதா, அளப்பவர் நிற்கும் நிலையோடு சேர்ந்தே பிறக்கிறதா என்பது இந்திய மெய்யியலில் பழைய வழக்கு. வைசேடிகர் அளவைப் பொருளில் உறையும் குணங்களுள் ஒன்றாக எண்ணினர். சமணரோ, மனிதர் கூறும் எக்கூற்றும் ஏதோ ஒரு நோக்குநிலையில் நின்றே மெய்யாகும் என்று கொண்டு, அந்நிலையை ‘நயம்’ என்றும், அதை வெளிப்பட அறிவித்துப் பேசும் முறையைச் ‘சியாத்வாதம்’ என்றும் வகுத்தனர். இவ்வழக்கு இன்று கணினியின் டெர்மினல் திரையில் தெளிவான வடிவில் எழுந்திருக்கிறது.

டெர்மினல் என்பது திரையைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்து எழுத்துகளை அவற்றுள் இடும் மென்பொருள். அதில் லத்தீன் எழுத்து ஒரு கட்டமும், சதுர வடிவான சீன, ஜப்பானிய எழுத்து இரண்டு கட்டங்களும் பெறும். 1978இல் ஜப்பான் வெளியிட்ட எழுத்துக்குறித் தரம் கிரேக்க, ரஷ்ய எழுத்துகளையும் தன் சதுர அட்டவணைக்குள் சேர்த்துக்கொண்டதால், அங்கே கிரேக்க ஆல்ஃபாவும் இரண்டு கட்டங்களைப் பிடித்தது; ஏதென்சில் அதற்கு ஒரு கட்டமே. பின்னர் வந்த யூனிகோடு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, அத்தகைய குறிகளின் அகலத்தைச் சூழலே முடிவு செய்யட்டும் என்று தனி வகுப்பொன்றில் வைத்தது. ‘விம்’ போன்ற எடிட்டர் ஒரு கட்டம் என்று எண்ண, டெர்மினல் இரண்டு கட்டங்களில் வரைந்தால், கர்சர் ஓரிடத்தில் நிற்க எழுத்து வேறிடத்தில் விழுகிறது. நேராக நின்ற அட்டவணை வரிக்கு வரி சரிகிறது. எடிட்டரில் அகலத்தை மாற்றும் அமைப்பு உண்டெனினும், அங்கே செய்த மாற்றம் டெர்மினலுக்குத் தானாகத் தெரிவதில்லை.

சலவை வெப்பத்துக்கான பாகைக்குறி, அளவில் ஏற்கத்தக்க ஏற்றத்தாழ்வைக் காட்டும் கூட்டல்-கழித்தல் குறி, அட்டைப்பெட்டியின் நீள அகலத்துக்கு இடையிலான பெருக்கல் குறி ஆகியவையும் இவ்வகுப்பினவே. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஆர்டர்த் தாள்களில் இவை இல்லாமல் வேலை நடவாது. அத்தொழில் இந்தச் சிக்கலைத் துணியிலேயே அறிந்திருக்கிறது. வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து துணி குழாயாக இறங்குகிறது. அதைத் தட்டையாக வைத்து அளந்தால் 30 அங்குலம் வருமானால், வெட்டி விரித்து அளந்தால் 60 அங்குலம் வரும். டியூப் அகலமா, ஓப்பன் அகலமா என்று குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிய தாள் கட்டிங் மேசைக்குப் போனால் துணிக் கணக்கே பாதியாகவோ இரட்டையாகவோ பிறழும். எழுதியவர் பொய் எழுதவில்லை. எந்த நிலையில் அளந்தார் என்பதை எழுதாமல் விட்டார்.

சமணர் ‘துர்நயம்’ என்று கடிந்தது இதற்கு மிக நெருங்கியது: ஒரு நோக்குநிலையில் மட்டும் மெய்யாவதை, பிற நிலைகளை மறுத்து, முழு மெய்யாக நாட்டுவது. ஆகவே அவர்கள் கொள்கையை, எவர் சொல்வதும் சரியே என்னும் தளர்வான சமரசமாகப் படிப்பது பெரும் பிழை. ஆல்ஃபா மூன்று கட்டங்கள் என்பது எந்த நிலையிலும் பொய்யே. ஒரு கட்டம் என்று அறிவித்துத் தொடங்கியவர் பக்கம் முடியும்வரை அதற்குக் கட்டுப்பட்டவரே.

கொங்கு நாட்டுக்குச் சமணம் அயலானதும் அன்று. திருப்பூருக்கு வடகிழக்கே விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் நிற்கிறது. நன்னூல் இயற்றிய சமணரான பவணந்தி முனிவரைச் சீனாபுரத்தார் என்று கொங்கு மரபு உரிமை கொண்டாடுகிறது. அந்நூலின் எழுத்திலக்கணத்தில் இதே நெறி செயல்படக் காணலாம். ‘பசு’ என்பதில் ஈற்று உகரம் ஒரு மாத்திரை. ‘காசு’ என்பதில் அதே உகரம் அரை மாத்திரை. தொல்காப்பியம் முன்பே வகுத்த இக்குற்றியலுகரத்தில் எழுத்து ஒன்றாயிருக்க அளவு இடத்தால் மாறுகிறது. ஆனால் எவ்விடத்தில் எவ்வளவு என்று இலக்கணம் முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் ஓதுவார்க்கும் கேட்பார்க்கும் குழப்பம் நேர்வதில்லை.

டெர்மினலில் தமிழின் இன்றைய நிலையோ இதற்கு நேர்மாறு. மார்க்கஸ் குன் எழுதிப் பரவலாகப் பயன்பட்ட அகலக் கணக்கு நிரலில், குறிலாகிய ‘கி’ இரண்டு கட்டங்கள், நெடிலாகிய ‘கீ’ ஒரே கட்டம். காரணம் ஒலியும் அன்று, வடிவும் அன்று. யூனிகோடு இகரக் குறியை இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தியிருப்பதே. கிழக்காசிய எழுத்துகளுக்கு இரண்டு நிலைகளேனும் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழ் உயிர்மெய்களுக்கு அகலம் எந்த நோக்கில் எண்ணப்பட வேண்டும் என்பதைத் தமிழறிந்தோர் தீர்மானிக்காத நிலையில், வேறொரு தேவைக்காகச் செய்த வகைப்பாடு அவ்வேலையைச் செய்துவருகிறது. தமிழ்க் கணிமையில் உழைப்போரும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் 247 எழுத்துகளுக்கும் கட்டக்கணக்கை வகுத்து, அது எந்நிலையில் நின்று வகுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.