கேட்க ஒரு ஆள்

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "கொடுத்து வச்சவங்க சார் நீங்க. தினமும் இந்த மலையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். நாங்களா இருந்தா கவிதையா எழுதித் தள்ளியிருப்போம்." செங்கோட்டைக்காரன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. நாங்கள் மலையைப் பார்ப்பது குடை எடுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் சாரல் உண்டு, துணி காயாது. பேரருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்பது லாட்ஜ் வாடகை, ஆட்டோ கூலி, பிரானூர் பார்டரில் புரோட்டாவுக்குக் காத்துக்கிடக்கும் நேரம் ஆகியவற்றோடு சேர்ந்த செய்தி. இயற்கை தன்பாட்டுக்கு யாருக்கும் ஊக்கத்தை வாரி வழங்கிவிடாது. வழங்கும் என்றால் ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அத்தனை பேரும் கவிஞர்களாகியிருக்க வேண்டும். யார் கண்டது, சிலர் ஆகியும் இருக்கலாம். நாம்தான் கேட்டதில்லை.

ஒருவருக்கு ஒன்றின்மேல் பிடிப்பு எப்படி வருகிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வந்த பிடிப்பு எதனால் நிற்கிறது என்பதுதான் எனக்குப் புரிந்துகொள்ள வேண்டியதாகத் தோன்றுகிறது. என்னோடு படித்தவர்களில் பாட்டுப் பைத்தியம், தபால்தலைப் பைத்தியம், பறவைப் பைத்தியம் எல்லாம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியதும் பைத்தியம் எல்லாருக்கும் தெளிந்துவிட்டது. கேட்டால் நேரமில்லை என்பார்கள்; பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் கடன் அடைந்து, பிள்ளைகளும் வெளியூர் போன பிறகு அந்தப் பழைய ஆள் ஏன் திரும்பி வருவதில்லை? அவர்கள் சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

இந்த எண்ணம் வந்தது டி.கே.சி.யை யோசித்துத்தான். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882இல் பிறந்து 1954இல் மறைந்தவர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தவர். சட்டம் படித்தார், வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார், அறநிலைய ஆணையராகவும் இருந்தார். இன்று அவரை நினைப்பவர்கள் எவரும் இவற்றுக்காக நினைப்பதில்லை. அவர் கவிஞரில்லை, கதைக்காரரில்லை, முறைப்படி பாடம் கேட்ட புலவரும் இல்லை. எழுதியதும் கொஞ்சம். கட்டுரைகள் சில, கடிதங்கள் பல. ஒரு பாட்டை நன்றாக அனுபவித்தார், அனுபவித்ததை எதிரில் இருந்தவருக்குச் சொன்னார். அவ்வளவுதான் அவர் பார்த்த வேலை. அதற்குத்தான் ஊர் 'ரசிகமணி' என்று பேர் வைத்தது. ரசித்ததற்காகவே ஒரு மனிதருக்குப் பட்டம் கிடைத்து, அது பேரோடு ஒட்டிக்கொண்டது நம் மொழியில் வேறு யாருக்கு நடந்திருக்கிறது?

நெல்லை வண்ணாரப்பேட்டையில் அவர் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டு முற்றத்தில் ஒரு கூட்டம் கூடும். அதற்குத்தான் வட்டத்தொட்டி என்று பெயர். உறுப்பினர் சந்தா, தீர்மானம், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. கம்பனில் ஒரு பாட்டை எடுப்பார். சொல்லுவார். நிறுத்துவார். ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லுவார். எதிரில் இருப்பவர் முகத்தில் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களைப் பாருங்கள். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அதிகாரி. அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். எஸ். மகாராஜன் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி. ஆறு நாளும் கோப்பு, வகுப்பு, வழக்கு என்று கிடந்தவர்கள். ஏழாம் நாள் அந்த முற்றத்துக்குப் போனதால் மீதி ஆறு நாளும் அவர்களுக்கு வேறு மாதிரி ஆயின. தொண்டைமான் பின்னால் ஊர் ஊராகக் கோயில் பார்த்து 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று எழுதிக் குவித்தாரே, பார்த்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவது போன்ற அந்த நடை வட்டத்தொட்டியில் பழகியதாகத்தான் இருக்க வேண்டும்.

டி.கே.சி.யைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக முடியாது. அவருக்கு நிலபுலன் இருந்தது. அடுத்த வேளை உலைக்கு அரிசி தேட வேண்டிய நிலை இல்லை. குற்றாலத்து வீட்டில் ராஜாஜி, கல்கி என்று வருவோர்க்கெல்லாம் விருந்து போடக்கூடிய வசதி இருந்தது. இதை மறைத்துவிட்டு 'ஆர்வம் இருந்தால் போதும்' என்று மேடையில் பேசுவது ஏமாற்று வேலை. இன்னொன்று, அவர் ரசனை கட்டு மீறியும் போனது. தமக்கு ருசிக்காத பாட்டையெல்லாம் கம்பன் பாட்டில்லை, இடைச்செருகல் என்று ஆயிரக்கணக்கில் தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அப்படி வந்ததுதான் 'கம்பர் தரும் ராமாயணம்'. புலவர்கள் கொதித்தார்கள். இந்த வழக்கில் நான் புலவர்கள் கட்சி. பிடித்தவன் என்பதற்காகப் பத்திரத்தைத் திருத்தி எழுத முடியாது. ஆனால் அந்தப் புலவர்கள் யாரும் ஒரு ரெவின்யூ அதிகாரியை ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பனுக்காக வரவழைத்ததாகத் தெரியவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் விவசாயி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மற்றவர் சென்னைக்கு வேலைக்குப் போனவர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும்தான். இருவரும் டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலம் வந்தவர்கள். கி.ரா. கதை எழுதத் தொடங்கியதே முப்பதுக்கு மேல். அதற்குமுன் அத்தனை வருஷமும் அவர் செய்தது கேட்டதும் சொன்னதும்தான். ராஜபார்ட்டுப் பாட்டிலிருந்து நாதஸ்வரம் வரை கேட்டார். கேட்டதைப் பற்றி அழகிரிசாமியோடு பேசினார், ஊர் பிரிந்தபின் கடிதம் எழுதினார். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. பின்னால் இருவருமே சாகித்ய அக்காதெமி விருது பெற்றார்கள், அழகிரிசாமிக்கு அவர் போன பிறகு. ஒரே தெருவில் இரண்டு பேர் எப்படி என்று வியக்கிறார்கள். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இலக்கியக்காரர்களை விடுவோம். எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபதுக்கு மேல். நாதஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலம் என்றால் உயிர். இப்போது வேலை குறைவு. பள்ளிக்கூடப் பையன்களின் பங்க்சர்தான் அதிகம். டியூபைத் தண்ணீர் வட்டையில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருப்பார். பலகையில் செல்போனில் தோடி போய்க்கொண்டிருக்கும். ஏதோ ஓர் இடம் நெருங்கும்போது கை அப்படியே நிற்கும். ஈரக் கையில் ஒரு விரல் மட்டும் மேலே எழும். "தம்பி, கொஞ்சம் பொறுங்க. இந்தா வருது… வருது… பாத்தீங்களா, மேல போய்ட்டு எறங்காமலே நிக்கான்!" சொல்லிவிட்டுக் குமிழியைத் தேடப் போய்விடுவார். சைக்கிள் எடுக்க வந்த பையனும் ஒரு நொடி வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகி குரலோடு வரும் அந்த நாதஸ்வரம் 1962லிருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அந்தக் கடையில்தான் தெரிந்தது. அண்ணாச்சி கிட்டப்பா கதையும் சொல்லுவார். எங்கள் ஊர் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா, இருபத்தேழு வயதில் 1933இல் போய்ச் சேர்ந்தவர். அண்ணாச்சி பிறக்கும் முன்பே போனவர்தான். ஆனால் மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் குரலை அப்பா சொல்லக் கேட்டு, நேரில் கேட்டது போலவே சொல்லுவார்.

அண்ணாச்சிக்குக் கடை இருக்கிறது, கேட்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். டி.கே.சி.க்கு முற்றம் இருந்தது. எதுவுமே இல்லாதவர்களின் கதை ஒன்றும் செங்கோட்டையிலேயே இருக்கிறது. ஆவுடையக்காள். சுமார் முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர். விளையாட்டு வயதில் கல்யாணம், அறியும் முன்பே கணவர் மரணம். மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவருக்குத் திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் உபதேசம் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கடைசியில் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றால மலையேறிப் போனவர் திரும்பவில்லை என்பதும் அப்படித்தான். கதை எப்படியிருந்தாலும் பாட்டுகள் இருக்கின்றன. வேதாந்தக் கும்மி, வேதாந்த அம்மானை, சூடாலைக் கும்மி, வேதாந்தப் பல்லி என்று பெண்கள் விளையாடும் மெட்டில், வீட்டுக்குள் புழங்கும் பேச்சில், பெரிய பெரிய அத்வைத விஷயங்கள். தீட்டு என்று எதைச் சொல்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்கிற துணிச்சலும் உண்டு.

இந்தப் பாட்டுகளை யார் காப்பாற்றினார்கள் என்பதுதான் நம் விஷயம். காப்பாற்றிய பெண்களுக்குச் சபையில் பாட இடமில்லை. பலருக்கு எழுத்தும் தெரியாது. நெல்லைச் சீமையின் அக்கிரகாரங்களில், தலை மழித்து நார்மடி உடுத்திய பாட்டிமார்கள் அரைத்துக்கொண்டும் திரி திரித்துக்கொண்டும் பாடினார்கள். பக்கத்தில் இருந்த மருமகளும் பேத்தியும் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். அந்தப் பாட்டிமார்களுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று எங்கே இருந்தது? முதலில் எழுந்து, கடைசியில் ஒருவேளை சாப்பிட்டுப் படுத்தவர்கள். நேரம் இருந்தால்தான் ரசனை என்கிற நம் கணக்கு இங்கே தப்பிப் போகிறது. வேலைக்கு நடுவில்தான் பாட்டு வளர்ந்தது. கோமதி ராஜாங்கம் என்ற அம்மையார் வீடு வீடாகக் கேட்டுச் சேகரித்தவை உட்பட எல்லாமாகத் தொகுத்து, 2002இல் ஞானானந்த தபோவனம் பெரிய புத்தகமாக வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் வாயும் காதும்தான் அதற்கு ஏடு. பாரதி கடையத்தில் இருந்த காலத்தில் இவற்றைக் கேட்டிருப்பார் என்று சொல்வாருண்டு. கேட்டிருந்தால் நல்லது. கேட்காவிட்டாலும் அந்தப் பாட்டிமார்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

இப்போது பாட்டும் படமும் பகிர்வதற்கு என்ன குறை, கையில்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். காலையில் எனக்கும் வருகிறது. அனுப்பியவரே முழுதாகக் கேட்டிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிகிறது. பதிலுக்கு நாமும் ஒரு கைகூப்பலை அனுப்பிவிட்டுப் பல் தேய்க்கப் போகிறோம். அண்ணாச்சியின் ஈர விரல் அதில் இல்லை. இன்னொரு பக்கம், பிடித்த காரியத்தையே தொழிலாக்கு, காசாக்கு என்று கல்லூரி விழாக்களில் உபதேசம். முடிந்தவர்கள் ஆக்கட்டும். காசாகாத பிடிப்புக்கு வீட்டில் மரியாதை போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை.

அடுத்த வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கு ரயில் பைத்தியம். பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையோடு நின்றுவிடுவதால் அவனுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. மலையேறிப் போகும் கொல்லம் வண்டிதான் வேண்டும். 1904இல் போட்ட பாதை, 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் அகலப் பாதையில் மறுபடி ஓடத் தொடங்கிய கதை, கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். தான் பார்த்தேயிராத மீட்டர் கேஜ் வண்டியின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுகிறான். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. இதுக்கு மார்க் போடுவாங்களா என்ற ஒரே கேள்விதான். ஒருநாள் மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவனிடம், மலை ஏறும்போது பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுகிறார்களே, இரண்டையும் முன்னாலேயே மாட்டினால் என்ன என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்படி மாட்டினா மொத்தப் பாரமும் முன்பெட்டிக் கொக்கியில விழுந்திரும் மாமா. ஏத்தத்துல கொக்கி விட்டுதுன்னு வைங்க, பின்னால உள்ள பெட்டி அம்புட்டும் கீழ ஓடப் பாக்கும். பின்னால ஒண்ணு முட்டுக் கொடுத்துக்கிட்டே போனா…" திண்ணையில் கிடந்த தீப்பெட்டியும் என் கண்ணாடிக் கூடும் பெட்டிகளாயின. படிக்கட்டு மலையாயிற்று. உள்ளேயிருந்து அவன் அம்மா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று குரல் கொடுத்தாள். பையன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போ இறக்கத்தில் வரும்போது பிரேக்கை எந்த எஞ்சினில் பிடிப்பார்கள் என்று கேட்டேன்.