மின் அதிபருக்கு ஓர் இரங்கல் குறிப்பு

மின் நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர் இறந்தால், இரங்கல் குறிப்பு ஏறக்குறைய ஒரே வார்ப்பில்தான் வரும். வகித்த பதவிகள் இரண்டு வரியில் முடிந்துவிடும். மருத்துவமனை, பள்ளி, இசை அரங்கம், நிதி திரட்டல் என்று பொதுத்தொண்டு மீதி இடத்தை எடுத்துக்கொள்ளும். சம்பளத்துக்குச் செய்தது பிழைப்பு, சம்பளமில்லாமல் செய்ததே சேவை என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது. மற்றத் தொழில்களுக்கு இது பொருந்தலாம். மின்சாரம் விற்றவருக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். சிகாகோவின் சாமுவேல் இன்சல் அதற்கு நல்ல சான்று.

1859-இல் லண்டனில் பிறந்து, 1881-இல் எடிசனின் செயலாளராக அமெரிக்கா போனவர் இன்சல். 1892-இல் அவர் சிகாகோ எடிசன் என்ற சிறு நிறுவனத்தின் தலைமையை ஏற்றபோது மின்விளக்கு பணக்கார வீட்டு ஆடம்பரம். சாயங்காலம் விளக்கெரியும் சில மணி நேரத்துக்காக வாங்கிய இயந்திரம் மற்ற நேரத்தில் பெரும்பாலும் சும்மா கிடந்தது. கடனுக்கான வட்டி மட்டும் இரவும் பகலும் ஓடியது. 1894-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ஆர்தர் ரைட் வடிவமைத்த மீட்டரை இன்சல் பார்த்தார். வாடிக்கையாளர் உச்ச நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறார் என்பதை அது காட்டியது. கட்டண முறையையே அதை வைத்து மாற்றினார். டிராம் கம்பெனிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மலிவாக விற்று, இயந்திரம் சும்மா கிடந்த நேரத்தை நிரப்பினார். அதனால் வீட்டு விளக்குக்கான கட்டணத்தையும் திரும்பத் திரும்பக் குறைக்க முடிந்தது. 1903-இல் ஃபிஸ்க் தெரு மின்நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை நிறுவினார். 1910 வாக்கில் சிகாகோவின் பக்கத்து லேக் கவுண்டியின் சிற்றூர்களையும் பண்ணைகளையும் ஒரே கம்பித்தடத்தில் இணைத்துப் பார்த்தார். நன்கொடைப் பட்டியல் எதிலும் இவை ஏறாது. ஆனால் மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து ஒரு நகரத்தை விடுவித்தது இந்தக் கட்டணக் கணக்குதான்.

தொண்டிலும் அவர் குறை வைக்கவில்லை. முதல் உலகப்போரின்போது இல்லினாய் மாநிலப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு சிகாகோ ஆப்பராவைத் தூக்கி நிறுத்த, மேலே வாடகை அலுவலகங்களும் கீழே அரங்கமுமாக ஒரு மாபெரும் கட்டடம் எழுப்பினார். பங்குச்சந்தை சரிந்த சில நாட்களிலேயே, 1929 நவம்பர் 4-ஆம் தேதி, அது திறக்கப்பட்டது. சகுனம் பார்ப்பவர்கள் அன்றே தலையாட்டியிருப்பார்கள். கட்டாயமில்லாமல் கொடுத்த நேரத்தில்தானே ஒருவரின் குணம் தெரியும் என்று கேட்கலாம். பாதி சரி. ஆப்பரா பிடிக்காதவர் வீட்டிலேயே இருந்துவிடலாம்; ஊருக்கு ஒரே மின் நிறுவனம் என்றால் அதன் வாடிக்கையாளர் எங்கே போவார்? போக வழியில்லாதவரை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்பதிலும் குணம் தெரியும். அதை நான் கூடுதலாக நம்புவேன். ஏகபோக உரிமை வேண்டுமென்றால் அரசின் கண்காணிப்பையும் ஏற்க வேண்டும் என்று 1898-இலேயே தன் தொழில்துறைச் சகாக்களிடம் சொன்னவர் இன்சல். அதே மனிதர் 1926-இல், மாநிலத்தில் அந்தக் கண்காணிப்பைச் செய்த ஆணையத்துக்கே தலைவராக இருந்த ஃபிராங்க் ஸ்மித்தின் செனட் தேர்தலுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். ஸ்மித் வென்றும் செனட் அவரை உட்கார விடவில்லை. இன்சல் வாழ்க்கையின் மிகப் பெரிய கறை எனக்கு இதுதான். இதுவும் அலுவலக மேசையில் நடந்தது.

1932-இல் அவருடைய கம்பெனிகளின் கோபுரம் சரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முதலீட்டு நிறுவனங்களின் பங்குகளை வாங்கியிருந்த லட்சக்கணக்கான சாதாரண மக்கள் பணத்தை இழந்தார்கள். அவர்களில் பலர் மின்சாரம் வாங்கிய வாடிக்கையாளர்கள். பங்கை விற்றவர்கள் மின் நிறுவன ஊழியர்கள். கிரீஸுக்குப் போன இன்சல் 1934-இல் திரும்பக் கொண்டுவரப்பட்டு, மோசடி வழக்கு விசாரணையில் விடுதலையானார். நீதிமன்றமே விட்டுவிட்டது, இறந்தவரை நாம் ஏன் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். மோசடி நடந்ததா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. யாருடைய சேமிப்பைப் பணயம் வைத்து அந்தக் கோபுரம் உயர்ந்தது என்பதை அது தீர்த்துவைக்கவில்லை. அந்த வேலையை 1935-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அடுக்கு நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்ட சட்டத்தின் மூலம் செய்தது. பொருளாதாரப் பெருமந்தம்தான் அவரை வீழ்த்தியது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனாலும் மந்தத்தைத் தாங்கி அடித்தளத்து மின்நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. விழுந்தது அவற்றின்மேல் அடுக்கிய கடன். ஆப்பரா அரங்கம் அந்த இழப்பை ஈடுகட்டாது. அந்த இழப்பும், கட்டணம் குறைந்ததால் வீடுகளில் ஏறிய விளக்கை இல்லையென்று ஆக்காது.

மின் நிறுவனத் தலைவர்களுக்கு இரங்கல் எழுத உட்காருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் பதவியேற்றபோது ஒரு யூனிட் என்ன விலை, விலகும்போது என்ன விலை, எத்தனை வீடுகளுக்குப் புதிதாக இணைப்பு போனது, தன்னைக் கண்காணிக்க வேண்டியவர்களோடு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் முதலில் எழுதுங்கள். அறக்கட்டளைகளைப் பற்றிப் பிறகு எழுதலாம்.