கேட்டலின் விலை

நடுவில் மட்டும் தாங்கப்பட்ட நீண்டதொரு பலகை. அதன் ஒரு முனையில் ஒருவர் அக்கோடியனை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருக்கிறார். மறுமுனையில் இன்னொருவர், அக்கோடியனின் உறவினமான பாண்டோனியனை ஏந்தியிருக்கிறார். சிறுவர் விளையாடும் ‘சீசோ’வைப்போல ஒருவர் உயர மற்றவர் தாழ்கிறார். இவர்களோடு ஒரு மைனாவும் உண்டு. 1964 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த இசையரங்கொன்றின் காட்சி இது. அக்கோடியன் வாசித்தவர் அவ்விசையை ஆக்கிய போலின் ஒலிவெரோஸ் அம்மையார். பாண்டோனியன் வாசித்தவர் டேவிட் ரியூடர். பலகையை வடிவமைத்தவர் எலிசபெத் ஹாரிஸ்.

இதனைக் கேட்டவுடன் நம்மில் பலர் நகைப்பர். ‘மக்கள் துயர் மலைபோற் குவிந்திருக்கையில் பறவையோடு பலகையாடுவது எவ்வகைக் கலை?’ என்று முற்போக்காளர் சினப்பதும் கூடும். அச்சினம் நியாயமற்றதன்று. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன், அங்கே ஒலித்த கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1829 இல் வியன்னா நகரில் சிறில் டெமியன் என்பவர் அக்கோடியனுக்கு ஆக்கவுரிமை பெற்றார். துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச்செய்ய ஒலி பிறப்பது அதன் இயல்பு. தோளில் தூக்கிச் செல்லத்தக்கதாகவும், ஒருவரே பண்ணையும் துணைச் சுரங்களையும் வாசிக்க இடந்தருவதாகவும் இருந்தமையால் அது உழவர் திருமணங்களிலும் மாலுமிகளின் விடுதிகளிலும் தொழிலாளர் வீதிகளிலும் குடிகொண்டது. பாண்டோனியனோ ஜெர்மனியிற் பிறந்து, குடிபெயர்ந்தோரோடு கடல் கடந்து, புவனஸ் அயர்ஸ் நகரின் எளிய மக்களது ‘டாங்கோ’ ஆடலுக்கு உயிராயிற்று.

உயர் இசையரங்குகள் இக்கருவிகளை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தின. சைக்கோவ்ஸ்கி 1883 இல் தமது இசைக்கோவை ஒன்றில் நான்கு அக்கோடியன்களுக்கு இடமளித்தார். எனினும் அவை இல்லாமலும் வாசிக்கலாம் என்று விட்டுவிட்டார். 1925 இல் அரங்கேறிய ‘வொய்செக்’ இசைநாடகத்தில் அல்பன் பேர்க் அக்கோடியனைச் சேர்த்தார். அதுவும் மதுச்சாலைக் காட்சியிலேதான். தன் சாதியை அறிவித்துக்கொண்டே அது உள்நுழைய வேண்டியிருந்தது. சோபியா குபைதுலினா 1978 இல் ‘டி புரொபுண்டிஸ்’ என்னும் தனியிசையை ரஷ்ய அக்கோடியனாகிய பயானுக்கு ஆக்கி, மனிதனின் ஆழ்ந்த ஓலத்தை அதன் துருத்தி மூச்சிலேயே எழுப்பிக் காட்டும்வரை, இக்கருவியின் ஆற்றலை ஐயுற்றோர் பலர்.

இவ்வழக்கு மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அக்கோடியனுக்கு உடன்பிறப்பான ஆர்மோனியத்தை நாம் நன்கறிவோம். அதன் சுரங்கள் கமகத்துக்கு இடந்தரா என்ற காரணங்காட்டி, அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கிவைத்தது. 1971 இலேயே அவ்விலக்குத் தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளிலும் நம் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில், விடியும்வரை நடிகரின் குரலைத் தாங்கி நின்றது அதே ஆர்மோனியந்தான். இதிலிருந்து நாம் பெறும் வினா இதுதான்: ஓர் ஒலி இசையா, இரைச்சலா என்பதை யார் தீர்மானிப்பது? ஒலிப்பவனைவிடக் கேட்பவனே அதனைத் தீர்மானிக்கிறான். அவ்வாறு தீர்மானிக்கும் அதிகாரமும் எல்லாச் செவிகளுக்கும் சமமாக வழங்கப்படவில்லை. ஆகவே கேட்டல் என்பது வெறும் புலனுகர்ச்சியன்று. அது ஓர் அறச்செயல்.

ஒலிவெரோஸ் இவ்வுண்மையை இளமையிலேயே எதிர்கொண்டவர். 1953 இல், அவரது இருபத்தோராவது பிறந்தநாளையொட்டி, தாயார் அவருக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அளித்தார். அவர் ஒலிவாங்கியைச் சாளரத்தருகே வைத்துப் பதிவுசெய்தார். மீட்டுக் கேட்டபொழுது, தாம் அங்கிருந்தும் தம் செவியில் விழாத ஒலிகள் பதிவாகியிருக்கக் கண்டார். பொறி கேட்டதை மனிதர் கேட்கவில்லை. அன்றுமுதல் எல்லா ஒலிகளையும் எப்போதும் கேட்பதையே அவர் தமக்கு விதியாக்கிக்கொண்டார். 2016 இல் மறையும்வரை அவர் இயற்றியவை பலவும் அவ்விதியின் விரிவுகளே.

மைனா அவ்விசையுட் புகுந்ததும் இவ்வாறே. வீட்டில் ஒத்திகை நடந்தபொழுது அங்கு வளர்ந்த மைனா தானும் குரல் கொடுக்கத் தொடங்கிற்று. பறவையைத் துரத்தவோ கூண்டை மூடவோ ஒருப்படாமல், ஒலிவெரோஸ் அதற்குத் தம் ஆக்கத்தில் இடமளித்தார். அந்த ஆக்கத்தின் பெயர் நுணுகி நோக்கத்தக்கது. ‘அக்கோடியனுக்கும் பாண்டோனியனுக்குமான இருவரிசை, மைனாவின் ஒப்லிகாட்டோ கூடுமாயின்’ என்பது அதன் கருத்து. ‘ஒப்லிகாட்டோ’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு, விட்டுவிடலாகாத கட்டாயப் பகுதி என்பது பொருள். கட்டாயமானது எங்ஙனம் ‘கூடுமாயின்’ ஆகும்? நகைச்சுவையாகத் தோன்றும் இம்முரணில் ஓர் அறம் பொதிந்துள்ளது. இடம் விடுதல் நமக்குக் கட்டாயம். அவ்விடத்தை நிரப்புதல் மற்றவரின் சுதந்திரம். பேசும்படி வற்புறுத்துவதும் பேசவிடாது தடுப்பதும் போலவே அறத்துக்குப் புறம்பானது.

கேட்டலின் சிறப்பு நம்மவர்க்குப் புதியதன்று. நாகணவாய்ப்புள் என்று மைனாவுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. வள்ளுவர் ‘கேள்வி’க்கென ஓர் அதிகாரமே வகுத்தார், அதனை அரசியலில் வைத்தார். செவியால் அறிதல் எல்லார்க்கும் பொதுவாயினும், ஆள்வோனுக்கு அது தனிக்கடமை என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது என்றே நாம் கொள்கிறோம்.

இங்கு ஒரு தடை எழும். ‘கேட்டால் மட்டும் போதுமா? ஏழைகளின் மனுக்களைப் புன்முறுவலோடு வாங்கி, தலையசைத்துக் கேட்டு, பின்னர் மேசை இழுப்பறையில் இட்டுப் பூட்டும் அதிகாரியும் கேட்பவன்தானே?’ இத்தடை வலியது. அதற்கு விடை அப்பலகையில் உண்டு. பலகையில் அமர்ந்தவருக்குக் கேட்டல் இலவசமன்று. எதிர்முனையில் இருப்பவர் அசைந்தால் இவர் உடலும் அசையும். அவர் இறங்கிவிட்டால் இவர் நிலத்தில் மோதுவார். மற்றவரின் சொல்லால் தன் இருக்கை சற்றும் அசையாத ஒருவன் கேட்டவனாகான். இழுப்பறைக்குச் சொந்தக்காரன் பலகையில் அமரவில்லை, மாடியிலிருந்து பார்க்கிறான்.

ஆயினும் இவ்விடையும் முழுமையானதன்று. மைனா பலகையில் இல்லை. அது மௌனமாயிருந்தாலும் பறந்துபோனாலும் இருவரும் விழமாட்டார். அத்துடன், குரல் கொடுக்கும் சுதந்திரம் பெற்ற அப்பறவைக்கு வெளியேறும் சுதந்திரம் அளிக்கப்பட்டதா என்ற வினாவும் நம்மை விடுவதில்லை. நம்மை அசைக்கும் வலிமையுள்ளோரைக் கேட்பதற்கு அச்சமே போதும். வலிமையற்றோரைக் கேட்பதற்குத்தான் அறம் தேவைப்படுகிறது.

இதனை எழுதும் நாம் வகுப்பறையில் வாழ்வோர். நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பத்தைந்து நிமிடங்களை நாமே பேசித் தீர்க்கிறோம். மணியடிக்கும் தறுவாயில் ‘ஐயம் உண்டா?’ என வினவுகிறோம். கடைசி வாங்கிலிருந்து குரல் எழுவதில்லை. அம்மௌனத்தை விளக்கத்தின் சான்றாகக் கொண்டு வெளியேறுகிறோம். ஒருமுறை நெய்தல் திணையைப் படிப்பிக்கையில், இருமல் மேலிட்டமையாற் சற்று நேரம் பேச இயலாது நின்றோம். அவ்விடைவெளியில், கடலோரக் கிராமத்து மாணவனொருவன் மெல்ல எழுந்தான். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளை ஒவ்வொன்றாகக் கூறி, எது வீசும்போது தகப்பன் கடலுக்குப் போவதில்லை, அந்நாட்களில் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும் என்பதைச் சொன்னான். நாம் உரைநூல்களிற் கற்ற இரங்கலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. அதுவரை பத்து மாதங்கள் அவன் வாய் திறந்ததில்லை.

அவனுக்குப் பேசத் தெரியாதிருக்கவில்லை. நாம் இடம் விட்டிருக்கவில்லை. அன்று விட்டதும் நம் அறத்தாலன்று, இருமலால். அந்த வெட்கம் இன்னும் நம்மிடம் உண்டு. அதனால் இப்போதெல்லாம் பாடவேளையின் நடுவில், மணிக்கு மிக முன்னதாகவே, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். சிலநாள் யாரும் பேசுவதில்லை. அந்த நிமிடங்களையும் பாடமென்றே கணக்கிடுகிறோம்.