கைவிடலின் வினைமுதல்: நெசவுத் தொழில் துறப்பு குறித்த ஓர் அறநோக்கு

பல்லாண்டு பயின்ற கைத்தொழிலினின்று நீங்கி நடுவயதில் வேறு பிழைப்பை நாடுவோரைக் குறிக்கத் 'தொழிலைக் கைவிட்டனர்' என்னும் தொடர் இயல்பாக எடுத்தாளப்படுகிறது. திறன் வாய்த்தலைக் கைவருதல் என்றும், அதனின்று நீங்குதலைக் கைவிடுதல் என்றும் வழங்குதல் தமிழ் மரபு. முன்னதில் திறன் எழுவாயாக நிற்கிறது. பின்னதில் தொழிலாளி வினைமுதலாகிறார். இவ்விலக்கண வேறுபாடு ஓர் அறத்தீர்ப்பையும் உடன் கொண்டுவருகிறது. விட்டவர் எவரோ அவரே இழப்பிற்கும் பொறுப்பாவார் என்பது அத்தீர்ப்பு. கைத்தறி நெசவைச் சான்றாகக் கொண்டு நோக்கின் அது நிலைபெறுமா என்பது ஐயத்திற்குரியது.

நடுவணரசின் கைத்தறிக் கணக்கெடுப்புகளின்படி நெசவாளரும் துணைத்தொழிலாளரும் 1995-96இல் ஏறத்தாழ 65.5 இலட்சம் பேர், 2009-10இல் 43.3 இலட்சம், 2019-20இல் 35.2 இலட்சம். இறுதிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாயை எட்டவில்லை. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் இயற்றப்பட்டது; 1993இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. எனினும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் பெருகின. தொழிலே தம்மைக் கைவிட்ட பின்னரே இம்மாந்தர் தறியை விட்டனர் எனல் தகும். தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) நெசவாளர் பசியைப் பேசி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இழப்பு உண்மையானதே. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபுறத்து நாடாவை எறியத் துணையாள் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இரு நிற ஊடையிழைகள் சந்திக்குமிடம் பிசிறின்றி அமைவது இருவர் கைகளும் ஒரே தாளத்தில் இயங்குவதைப் பொறுத்தது. நூலின் இறுக்கத்தை விரல் அறியும். அதனை ஏட்டில் எழுதிவைத்தல் அரிது. ஆகவே ஒரு நெசவாளர் தறியினின்று எழுந்து செல்லும்போது ஓர் அறிவும் உடன் எழுந்து செல்கிறது.

இதனாலேயே மரபைக் காத்தல் அவர் கடன் என்பார் உளர். அவர்களுள் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைத் தறியில் அமர்த்தியவர் அல்லர் என்பதையும் கருதவேண்டும். இக்கோரிக்கையின் வேர் பழையது. முன்னோர் தொழிலைப் பின்பற்றுதலே வருண நெறி எனக் காந்தியடிகள் 1936இல் எழுதினார். சாதி தொழில்களைப் பிரிப்பதோடு அமையாது தொழிலாளரையே பிரிக்கிறது என்றும், தொழில் மாற்றத்தைத் தடுப்பதால் வேலையின்மைக்கே காரணமாகிறது என்றும் அம்பேத்கர் அதே ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். 1953இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டமையும் இவ்வரலாற்றின் பகுதியே. வெளியேறும் உரிமை இல்லாதவிடத்து நிலைத்திருத்தலை அறம் என்று போற்ற இயலாது.

ஆயினும் அவ்வுரிமையைக் காட்டி ஒவ்வொரு வெளியேற்றத்தையும் விடுதலை எனக் கொண்டாடுவதும் பொருந்தாது. இருபது வயது மகள் கல்லூரி வழியே வேறு பணிக்குச் செல்லுதலும், ஐம்பது வயதுத் தந்தை இரவுக் காவலராதலும் ஒன்றல்ல. முன்னவள் தேர்கிறாள், பின்னவர்க்குத் தேர்வு எஞ்சவில்லை. குறைந்தபட்சக் கூலி அட்டவணைகள் தொழிலாளரைத் திறனுடையோர், திறனற்றோர் என வகைப்படுத்துகின்றன. முப்பதாண்டுகள் கோர்வை நெய்தவர் புதிய வாயிலில் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே சேர்க்கப்படுகிறார். முன்பே கற்ற திறனுக்குச் சான்றளிக்கும் ஏற்பாடு 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. அங்கும் நெசவாளர்க்கு நெசவாளர் என்றே சான்று கிடைக்கும். கண்ணளவு, பொறுமை, பிறர் கையோடு இணைந்தியங்கும் பழக்கம் ஆகியவற்றை வேறொரு தொழிலுக்குரிய தகுதியாக மதிப்பிட்டு அளிக்கும் சான்றாக அது அமைவதில்லை.